மிருசுவில் படுகொலைகள்

மிருசுவில் படுகொலைகள் என்பது, இலங்கையின் வட மாகாணத்தில், யாழ்ப்பாண மாவட்டத்தில் உள்ள மிருசுவில் என்னும் ஊரில் டிசம்பர் 19, 2000 அன்று தமிழ்ப் பொதுமக்கள் எட்டுப் பேர் இலங்கை இராணுவத்தினரால் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்ட நிகழ்வைக் குறிக்கும். கொல்லப்பட்டோர் போரினால் இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்கள். கைவிட்டுச் சென்ற தமது வீடுகளையும் காணிகளையும் பார்த்து வருவதற்காக அன்று ஊருக்குத் திரும்பியிருந்தனர். அவர்களுள் 5 வயதுக் குழந்தை ஒன்றும் பதின்ம வயதினரும் அடங்குவர். உடன் சென்ற ஒருவர் மட்டும் காயங்களுடன் தப்பினார்.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பொதுமக்கள் கொல்லப்பட்ட நிகழ்வுகள் பல. அவற்றுள் படையினர் ஒருவர் நீதிமன்றத்தில் கொலைக் குற்றவாளியாகக் காணப்பட்டு, நாட்டின் உச்ச நீதி மன்றும் அத்தீர்ப்பை உறுதி செய்த நிகழ்வுகள் மிகச் சிலவே. அத்தகையவற்றுள் மிருசுவில் வழக்கும் ஒன்று. கொலைகள் நிகழ்ந்து ஏறத்தாழ பதினான்கரை ஆண்டுகளின் பின்னர், 2015 இல், இராணுவச் சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்கவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2020 மார்ச்சில் அப்போதைய குடியரசுத் தலைவர் கோட்டாபய ராஜபக்ச வழங்கிய பொது மன்னிப்பினால் அவர் விடுதலை ஆனார். இதனால் இவ்வழக்கு, உள்நாட்டு நீதிமன்றங்களால் போர்க்காலக் குற்றங்களை விசாரிக்க முடியும் என்பதற்கும், அவ்வாறு கிடைத்த நீதி நிலைக்கவில்லை என்பதற்கும் ஒருசேர எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது.

அமைவிடம்

மிருசுவில், யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சிப் பகுதியில், யாழ்ப்பாணத்தையும் கண்டியையும் இணைக்கும் ஏ-9 நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளது. இதன் ஒருபுறம் கொடிகாமமும் மறுபுறம் எழுதுமட்டுவாளும் உள்ளன. தென்மராட்சியின் முதன்மை நகரம் சாவகச்சேரி ஆகும். தென்னையும் பனையும் நிறைந்த இப்பகுதி வேளாண்மையை நம்பியது. குடாநாட்டுக்குள் தரைவழியே நுழையும் பாதையில் அமைந்திருந்தமையால், போர்க் காலத்தில் இவ்வூர்கள் மாறிமாறிப் போர்முனையாகின.

பின்னணி

இலங்கை இராணுவம் 1995 இன் இறுதியில் யாழ்ப்பாண நகரைத் தமிழீழ விடுதலைப் புலிகளிடம் இருந்து கைப்பற்றியது. தென்மராட்சி அதற்கடுத்த ஆண்டில் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. 1999 நவம்பரில் விடுதலைப் புலிகள் "ஓயாத அலைகள் மூன்று" என்ற தாக்குதல் நடவடிக்கையைத் தொடங்கினர். ஏப்ரல் 22, 2000 அன்று குடாநாட்டின் வாயிலாகக் கருதப்படும் ஆனையிறவுப் படைத்தளம் அவர்களிடம் வீழ்ந்தது. அடுத்து வந்த வாரங்களில் போர் தென்மராட்சிக்குள் பரவியது. சாவகச்சேரியும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பெரும் அழிவுக்கு உள்ளாகின. மக்கள் வடமராட்சி, வலிகாமம் ஆகிய பகுதிகளுக்கு இடம்பெயர்ந்தனர்.

2000 செப்டம்பரில் இராணுவம் சாவகச்சேரியை மீண்டும் கைப்பற்றியது. ஆயினும் முன்னரங்கக் காவல் நிலைகள் அருகிலேயே இருந்ததால் மிருசுவில் போன்ற ஊர்களில் மக்கள் மீளக் குடியேற இயலவில்லை. வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. இராணுவத்தினர் மட்டுமே அங்கு நடமாடினர். இடம்பெயர்ந்தோர் வருமானமின்றி உறவினர் வீடுகளில் தங்கியிருந்தனர். ஊருக்குச் சென்று வீட்டின் நிலையைப் பார்ப்பது, எஞ்சிய பொருட்களை எடுத்து வருவது, விறகு சேகரிப்பது ஆகியன அவர்களது அன்றாடத் தேவைகளாக இருந்தன. கொல்லப்பட்டவர்கள் அன்று சென்றதும் இத்தகைய தேவைக்காகவே.

நிகழ்வு

டிசம்பர் 19, 2000 அன்று, வடமராட்சியில் தங்கியிருந்த ஒன்பது பேர் மிருசுவிலில் இருந்த தமது காணிகளுக்குச் சென்றனர். ஒரே குடும்பத்தைச் சேர்ந்த தந்தையும் பிள்ளைகளும் அக்குழுவில் இருந்தனர். அங்கு ஆயுதம் தாங்கிய இராணுவத்தினர் அவர்களைத் தடுத்து நிறுத்தினர். தப்பியவர் அளித்த சாட்சியத்தின்படி, அவர்கள் கண்கள் கட்டப்பட்டுத் தாக்கப்பட்டனர்.

ஒன்பது பேரில் ஒருவர் காயங்களுடன் தப்பி ஓடி, தமது உறவினர்களை அடைந்து நடந்தவற்றைக் கூறினார். ஏனைய எட்டுப் பேரும் வீடு திரும்பவில்லை. தப்பியவரின் வாக்குமூலம் அதிகாரிகளிடம் சென்றதைத் தொடர்ந்து இராணுவக் காவல்துறையினர் விசாரணையைத் தொடங்கினர். சில நாட்களுக்குள், நீதவானின் முன்னிலையில் எட்டு உடல்களும் மிருசுவிலில் புதைகுழியில் இருந்து தோண்டி எடுக்கப்பட்டன. அவர்கள் கழுத்து அறுக்கப்பட்டுக் கொல்லப்பட்டிருந்தமை தெரியவந்தது.

இக்கொலைகள் மோதல் ஒன்றின்போது நிகழ்ந்தவை அல்ல. எறிகணை வீச்சிலோ வான் தாக்குதலிலோ பொதுமக்கள் இறக்கும்போது, இலக்கு தவறியது என்றோ எதிரி அருகில் இருந்தார் என்றோ படைத்தரப்பு விளக்கம் அளிப்பது வழக்கம். மிருசுவிலில் அத்தகைய விளக்கத்துக்கு இடமிருக்கவில்லை. பிடித்து வைக்கப்பட்டிருந்த, ஆயுதமற்ற மக்களே அங்கு கொல்லப்பட்டனர். உள்நாட்டுப் போர்களுக்கும் பொருந்தும் செனீவா உடன்படிக்கைகளின் பொதுவான மூன்றாம் உறுப்புரை, போரில் பங்கு கொள்ளாதவர்களைக் கொல்வதை எந்நிலையிலும் தடை செய்கிறது.

வழக்கு விசாரணை

இராணுவத்தினர் பலர் தொடக்கத்தில் கைது செய்யப்பட்டனர். 2002 நவம்பரில் சட்டமா அதிபர் ஐந்து இராணுவத்தினர் மீது குற்றப்பத்திரம் தாக்கல் செய்தார். வழக்கு கொழும்பு மேல் நீதிமன்றத்தில், யூரி சபை இன்றி, மூன்று நீதிபதிகள் ஒன்றாக அமர்ந்து விசாரிக்கும் "ட்ரயல் அட் பார்" என்ற சிறப்பு முறையில் விசாரிக்கப்பட்டது.

விசாரணை பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்தது. இக்காலத்தினுள் நாட்டின் நிலைமை பலமுறை மாறியது. 2002 பெப்ரவரியில் அரசும் விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டனர். 2006 இல் போர் மீண்டும் மூண்டது. அவ்வாண்டு ஆகத்து மாதத்தில் ஏ-9 நெடுஞ்சாலை மூடப்பட்டதால் யாழ்ப்பாணத்தில் இருந்து கொழும்புக்கு வான் வழியாகவோ கடல் வழியாகவோ மட்டுமே செல்ல முடிந்தது. 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் போர் முடிவுக்கு வந்தது. ஆட்சிகளும் மாறின. இவ்வளவுக்கும் இடையில் வழக்கு கைவிடப்படாமல் தொடர்ந்தது குறிப்பிடத்தக்கது.

சூன் 25, 2015 அன்று தீர்ப்பு வழங்கப்பட்டது. சார்ஜன்ட் சுனில் ரத்நாயக்க குற்றவாளியாகக் காணப்பட்டு மரண தண்டனை விதிக்கப்பட்டார். ஏனைய நால்வரும் போதிய சான்றுகள் இல்லை எனக் கூறி விடுவிக்கப்பட்டனர். இலங்கையில் 1976 ஆம் ஆண்டின் பின்னர் மரண தண்டனை நிறைவேற்றப்படவில்லை. எனவே நடைமுறையில் இத்தண்டனை நீண்டகாலச் சிறைவாசத்தையே குறித்தது.

மேன்முறையீடு

ரத்நாயக்க தமக்கு எதிரான தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்தார். இந்தியாவில் உயர் நீதிமன்றம் என்பது மாநில அளவிலான நீதிமன்றத்தைக் குறிக்கும். இலங்கையிலோ நாட்டின் அதியுயர் நீதிமன்றமே அப்பெயரால் அழைக்கப்படுகிறது. 2019 ஏப்ரலில் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் மேன்முறையீட்டை ஒருமனதாக நிராகரித்து, தீர்ப்பையும் தண்டனையையும் உறுதி செய்தது. தப்பியவரின் நேரடிச் சாட்சியமும் சூழ்நிலைச் சான்றுகளும் இத்தீர்ப்புகளுக்கு அடிப்படையாக அமைந்தன. இத்துடன் நீதிமன்ற நடவடிக்கைகள் அனைத்தும் முடிவுற்றன.

பொது மன்னிப்பு

2019 நவம்பரில் கோட்டாபய ராஜபக்ச குடியரசுத் தலைவராகத் தெரிவானார். போரின் இறுதிக் கட்டத்தில் அவர் பாதுகாப்புச் செயலாளராகப் பணியாற்றியவர். சிறையில் உள்ள இராணுவத்தினரை விடுவிப்பதாக அவர் தமது தேர்தல் பரப்புரையில் உறுதியளித்திருந்தார். மார்ச் 26, 2020 அன்று அவர் ரத்நாயக்கவுக்குப் பொது மன்னிப்பு வழங்கினார். அப்போது கொரோனாத் தொற்றுக் காரணமாக நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறையில் இருந்தது. மக்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புத் தெரிவிக்க இயலாத சூழலில் இவ்விடுதலை இடம்பெற்றது.

எதிர்ப்புகள்

ஐக்கிய நாடுகளின் மனித உரிமைகளுக்கான உயர் ஆணையர் அலுவலகம் இம்மன்னிப்புக் குறித்துக் கவலை தெரிவித்தது. பாதிக்கப்பட்டோரை இழிவுபடுத்தும் செயல் இதுவென அது கருத்துக் கூறியது. பன்னாட்டு மன்னிப்பு அவை, மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆகிய அமைப்புகளும் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பும் கண்டனம் வெளியிட்டன. மன்னிப்பின் செல்லுபடித் தன்மையை எதிர்த்து, மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உள்ளிட்ட தரப்பினர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்களைத் தாக்கல் செய்தனர்.

ஆதரவுக் கருத்துகள்

மன்னிப்பை ஆதரித்தவர்கள், நாட்டைக் காத்த படையினரைச் சிறையில் வைப்பது முறையன்று என்றனர். போரின் முடிவில் சரணடைந்த விடுதலைப் புலிகள் சுமார் 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டுள்ளனர் என்றும், படையினருக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன் என்றும் அவர்கள் வினவினர். விடுதலைப் புலிகளும் பொதுமக்களைக் கொன்றனர் என்பதில் ஐயமில்லை. 1985 மே 14 அன்று அனுராதபுரத்திலும், 1990 ஆகத்து 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் நிகழ்ந்த படுகொலைகள் அவற்றுள் சில.

ஆயினும் இவ்விரண்டும் ஒரே தன்மையன அல்ல. புனர்வாழ்வு பெற்றோர் போராளிகளாக இருந்தமைக்காகத் தடுத்து வைக்கப்பட்டவர்கள். ரத்நாயக்க இராணுவத்தில் பணியாற்றியமைக்காகத் தண்டிக்கப்பட்டவர் அல்லர். குழந்தை உட்பட எட்டுப் பேரைக் கொன்ற குற்றத்துக்காக, அரசின் சட்டமா அதிபரால் வழக்குத் தொடரப்பட்டு, மொத்தம் எட்டு நீதிபதிகளால் இரு நிலைகளில் குற்றவாளியாகக் காணப்பட்டவர். ஒரு தரப்பின் குற்றம் மறு தரப்பின் குற்றத்தை நியாயப்படுத்தாது என்பதும், காத்தான்குடியில் இறந்தோருக்கும் மிருசுவிலில் இறந்தோருக்கும் நீதி தனித்தனியே உரியது என்பதும் மனித உரிமை அமைப்புகளின் நிலைப்பாடு ஆகும்.

மன்னிப்பு அதிகாரம்

இலங்கை அரசியலமைப்பின் 34 ஆவது உறுப்புரை, தண்டிக்கப்பட்டோருக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளிக்கிறது. ஆனால் மரண தண்டனை விதிக்கப்பட்டோர் தொடர்பில் ஒரு நடைமுறையும் அதில் கூறப்பட்டுள்ளது. வழக்கை விசாரித்த நீதிபதியிடம் இருந்து அறிக்கை பெறப்பட வேண்டும். அது சட்டமா அதிபரின் ஆலோசனைக்கு அனுப்பப்பட வேண்டும். பின்னர் நீதி அமைச்சரின் பரிந்துரையுடன் அது குடியரசுத் தலைவரை அடைய வேண்டும். மன்னிப்பு என்பது ஆட்சியாளரின் விருப்பத்தைப் பொறுத்த கொடை அன்று, காரணங்களின் அடிப்படையில் எடுக்கப்பட வேண்டிய முடிவு என்பதே இந்நடைமுறையின் உட்பொருள்.

இது தொடர்பில் உயர் நீதிமன்றம் 2024 இல் இரு முக்கிய தீர்ப்புகளை வழங்கியது. கொலைக் குற்றத்துக்காக மரண தண்டனை பெற்றிருந்த முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் துமிந்த சில்வாவுக்குக் கோட்டாபய ராஜபக்ச 2021 சூனில் வழங்கிய மன்னிப்பு, சனவரி 17, 2024 அன்று செல்லாது என அறிவிக்கப்பட்டது. "ரோயல் பார்க்" கொலை வழக்கின் குற்றவாளிக்கு மைத்திரிபால சிறிசேன 2019 நவம்பரில் வழங்கிய மன்னிப்பும் 2024 சூன் மாதத்தில் செல்லாததாக்கப்பட்டது. குடியரசுத் தலைவரின் மன்னிப்பும் நீதிமன்ற ஆய்வுக்கு உட்பட்டதே என்பதை இத்தீர்ப்புகள் நிலைநாட்டின. மிருசுவில் மன்னிப்பு எழுப்பும் சட்டக் கேள்வியும் இதுவே என்பதால், இவை இவ்வழக்கைப் பொறுத்தவரை முக்கியமானவை.

ஏனைய வழக்குகளுடன் ஒப்பீடு

மிருசுவில் வழக்கின் சிறப்பை உணர, இலங்கையில் அரச படையினருக்கு எதிராக நடைபெற்ற வேறு சில வழக்குகளுடன் அதனை ஒப்பிடுவது பயன் தரும்.

மயிலந்தனை: மட்டக்களப்பு, பொலன்னறுவை மாவட்டங்களின் எல்லைப் பகுதியில் உள்ள இவ்வூரில் 1992 ஆகத்து 9 அன்று பெண்கள், குழந்தைகள் உட்பட 35 பேர் கொல்லப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட படையினரை 2002 இல் கொழும்பில் யூரி சபை விடுவித்தது.

குமாரபுரம்: திருகோணமலை மாவட்டத்தில் உள்ள இவ்வூரில் 1996 பெப்ரவரி 11 அன்று 24 பேர் கொல்லப்பட்டனர். வழக்கு திருகோணமலையில் இருந்து அனுராதபுரத்துக்கு மாற்றப்பட்டது. இருபது ஆண்டுகளின் பின்னர், 2016 சூலை 27 அன்று, இராணுவத்தினர் அறுவரும் யூரி சபையால் விடுவிக்கப்பட்டனர்.

கிருசாந்தி வழக்கு: யாழ்ப்பாணத்தில் 1996 செப்டம்பர் 7 அன்று பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசாமி சோதனைச் சாவடியில் தடுத்து வைக்கப்பட்டு, வன்புணர்வுக்கு உட்படுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைத் தேடிச் சென்ற தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டனர். 1998 சூலையில் படையினர் சிலருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. இவ்வழக்கும் மூன்று நீதிபதிகள் கொண்ட ஆயத்தினாலேயே விசாரிக்கப்பட்டது.

திருகோணமலை மாணவர் கொலை: 2006 சனவரி 2 அன்று ஐந்து தமிழ் மாணவர்கள் கடற்கரையில் சுட்டுக் கொல்லப்பட்டனர். காவல்துறையின் சிறப்பு அதிரடிப் படையினர் உட்படக் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரும் 2019 சூலையில் விடுவிக்கப்பட்டனர்.

இவ்வொப்பீட்டில் ஒரு வேறுபாடு புலப்படுகிறது. மேற்கூறிய யூரி சபை வழக்குகள் இரண்டும் விடுதலையில் முடிந்தன. மூன்று நீதிபதிகள் விசாரித்த வழக்குகள் இரண்டும் தண்டனையில் முடிந்தன. நீதிபதிகள் தமது முடிவுக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். அக்காரணங்களை மேல்நிலை நீதிமன்றம் ஆய்வு செய்யும். யூரி சபைக்கு அக்கடப்பாடு இல்லை. இனப் பிளவு கூர்மையடைந்த சமூகத்தில் இவ்வேறுபாடு பெரிய விளைவை ஏற்படுத்தக் கூடும். எனினும் நான்கு வழக்குகளைக் கொண்டு பொது விதி ஒன்றை நிறுவ இயலாது என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

தண்டனை கிடைத்தமைக்கான காரணங்கள்

விசாரணை முறைக்கு அப்பால், மிருசுவில் வழக்கில் வேறு மூன்று கூறுகளும் ஒன்றிணைந்தன. முதலாவது, நிகழ்வைக் கண்ட ஒருவர் உயிருடன் தப்பியது மட்டுமன்றி, ஆண்டுக் கணக்கில் தமது சாட்சியத்தில் உறுதியாகவும் நின்றார். இரண்டாவது, உடல்கள் சில நாட்களுக்குள் நீதவானின் முன்னிலையில் தோண்டி எடுக்கப்பட்டன. எனவே கொல்லப்பட்டோர் யார், எவ்வாறு இறந்தனர் என்பன குறித்து ஐயம் எழவில்லை. மூன்றாவது, இராணுவக் காவல்துறை தொடக்கத்திலேயே விசாரணையை மேற்கொண்டது.

இவற்றுள் எந்த ஒன்று இல்லாதிருந்தாலும் எட்டுப் பேரும் "காணாமற் போனோர்" பட்டியலில் சேர்ந்திருக்கக் கூடும். போர்க்காலத்தில் அவ்வாறு மறைந்தோர் பல்லாயிரவர். கிருசாந்தி வழக்கில் தண்டிக்கப்பட்ட சோமரத்ன ராஜபக்ச, யாழ்ப்பாணத்தை அடுத்த செம்மணியில் 300 முதல் 400 வரையிலான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளதாக 1998 இல் நீதிமன்றத்தில் கூறினார். 1999 இல் நடைபெற்ற அகழ்வில் 15 உடல்களே கிடைத்தன. 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நடைபெற்ற அகழ்வுகளில், குழந்தைகளுடையவை உட்பட 200 க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. கால் நூற்றாண்டு கடந்து வெளிப்படும் எலும்புகளில் இருந்து கொல்லப்பட்டவர் யார் என அறிவதே கடினம். கொன்றவர் யார் என நிறுவுவது அதனினும் கடினம். மிருசுவிலில் முதல் சில நாட்களில் எடுக்கப்பட்ட நடவடிக்கைகளின் பெறுமதி இதனால் விளங்கும்.

தீர்ப்பின் வரம்புகள்

மிருசுவில் தீர்ப்பு முழுமையானது அன்று என்ற கருத்தும் உண்டு. எட்டுப் பேரைப் பிடித்து, கண்களைக் கட்டி, கொன்று, புதைக்கும் செயலை ஒருவர் தனித்துச் செய்திருக்க முடியாது என்பது சட்ட வல்லுநர் பலரின் கருத்து. ஆயினும் தண்டனை பெற்றவர் ஒருவரே. கட்டளை அதிகாரிகள் எவரும் குற்றம் சாட்டப்படவில்லை. தமக்குக் கீழுள்ளோர் குற்றம் இழைப்பதை அறிந்தும் தடுக்காத மேலதிகாரியும் பொறுப்பாளியே என்னும் "கட்டளைப் பொறுப்பு" என்ற கோட்பாடு பன்னாட்டுக் குற்றவியல் சட்டத்தில் ஏற்கப்பட்ட ஒன்று. மிருசுவில் வழக்கோ இலங்கையின் தண்டனைச் சட்டக் கோவையின் கீழ்ச் சாதாரணக் கொலை வழக்காகவே விசாரிக்கப்பட்டது. அதனால் விசாரணை தனியாட்களின் செயலோடு நின்றது. படைக் கட்டமைப்பின் பொறுப்பு ஆராயப்படவில்லை.

பிற நாடுகளில்

தமது மக்களையோ தம் பிடியில் உள்ள மக்களையோ படையினர் கொன்ற நிகழ்வுகளில் நீதி தடைப்படுவது இலங்கைக்கு மட்டும் உரியதன்று. வியட்நாமின் மை லாய் ஊரில் மார்ச் 16, 1968 அன்று அமெரிக்கப் படையினர் நூற்றுக்கணக்கான ஊர்மக்களைக் கொன்றனர். லெப்டினன்ட் வில்லியம் கேலி மட்டுமே தண்டிக்கப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்ற அவர், குடியரசுத் தலைவர் நிக்சனின் தலையீட்டால் சிறைக்குப் பதிலாக வீட்டுக் காவலில் வைக்கப்பட்டு, சில ஆண்டுகளில் விடுதலை ஆனார். ஒருவர் மட்டும் தண்டிக்கப்படுவதும், அவரும் ஆட்சித் தலைவரால் காக்கப்படுவதும் மிருசுவிலை ஒத்தவை.

எல் சால்வடோர் நாட்டின் எல் மொசோட்டே ஊரில் 1981 டிசம்பரில் அந்நாட்டு இராணுவமே ஏறத்தாழ ஆயிரம் பொதுமக்களைக் கொன்றது. 1993 இல் இயற்றப்பட்ட பொது மன்னிப்புச் சட்டத்தால் வழக்கு முடங்கியது. 2016 இல் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தைச் செல்லாததாக்கிய பின்னர் வழக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

இந்தியாவில், உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரைச் சேர்ந்த ஆசிம்புராவில் 1987 மே 22 அன்று மாநில ஆயுதக் காவற்படையினர் முசுலிம் இளைஞர்களைப் பிடித்துச் சென்று சுட்டுக் கொன்றனர். 2015 இல் கீழமை நீதிமன்றம் விடுவித்த 16 பேருக்கு 2018 இல் தில்லி உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. இந்நிகழ்விலும் தப்பியவர்களின் சாட்சியமே வழக்கை உயிர்ப்புடன் வைத்திருந்தது. தமிழ்நாட்டில், தருமபுரி மாவட்டம் வாச்சாத்தியில் 1992 சூனில் பழங்குடி மக்கள் மீது வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நிகழ்த்திய வன்கொடுமைகளில், உயிருடன் இருந்த 215 பேரும் 2011 செப்டம்பர் 29 அன்று குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். உயர் அதிகாரிகளும் அவர்களுள் அடங்குவர். 2023 இல் சென்னை உயர் நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. கொலை வழக்காக இல்லாவிடினும், கடைநிலை ஊழியர் முதல் உயர் அதிகாரி வரை பொறுப்பேற்க வைக்க முடியும் என்பதற்கு வாச்சாத்தி சான்றாகும்.

மதுரை மாவட்டம் பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ்க் கைரேகை பதிய மறுத்த மக்கள் மீது பிரித்தானிய ஆட்சியின் காவல்துறை சுட்டதில், ஒரு பெண் உட்பட 16 பேர் இறந்தனர். அது போர்க்கால நிகழ்வும் அன்று, இராணுவத்தின் செயலும் அன்று. எனினும் நூறாண்டு கடந்தும் அங்கு ஆண்டுதோறும் நினைவு நாள் கடைப்பிடிக்கப்படுவது, இத்தகைய இழப்புகளை ஊர்கள் எளிதில் மறப்பதில்லை என்பதைக் காட்டுகிறது.

பன்னாட்டு நடவடிக்கைகள்

போரின் இறுதிக் கட்டத்தில் 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கக் கூடும் என ஐக்கிய நாடுகள் பொதுச் செயலாளர் அமைத்த வல்லுநர் குழு 2011 இல் அறிக்கையிட்டது. 2015 அக்டோபரில் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை அரசு இணை அனுசரணை வழங்கி, வெளிநாட்டு நீதிபதிகளின் பங்களிப்புடன் கூடிய நீதிப் பொறிமுறைக்கு இணங்கியது. 2020 பெப்ரவரியில் புதிய அரசு அதிலிருந்து விலகுவதாக அறிவித்தது. உள்நாட்டு நீதிமன்றங்களே போதுமானவை என்பது அரசின் வாதமாக இருந்தது.

அதற்கடுத்த மாதமே மிருசுவில் மன்னிப்பு வழங்கப்பட்டது. உள்நாட்டு நீதிமன்றங்கள் போதுமானவை எனக் காட்டுவதற்கு அரசு சுட்டக்கூடிய மிகச் சிறந்த சான்று மிருசுவில் தீர்ப்பே. அத்தீர்ப்பையே அரசு பயனற்றதாக்கியது என்பது விமர்சகர்களின் முதன்மையான வாதமாகும். 2021 மார்ச்சில் பேரவை 46/1 தீர்மானத்தின் மூலம் எதிர்கால வழக்குகளுக்கான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்கும் பணியைத் தனது உயர் ஆணையர் அலுவலகத்திடம் ஒப்படைத்தது.

முக்கியத்துவம்

2020 இல் வழங்கப்பட்ட மன்னிப்பு தண்டனையை நீக்கியது. நீதிமன்றங்கள் கண்டறிந்த உண்மைகளை அது மாற்றவில்லை. எட்டுப் பேர் எங்கே, எந்நாளில், எவ்வாறு கொல்லப்பட்டனர் என்பது நாட்டின் அதியுயர் நீதிமன்றத்தின் பதிவேட்டில் உள்ளது. பெரும்பாலான போர்க்காலக் கொலைகள் குறித்து, இறந்தோர் பொதுமக்களா, கொன்றோர் யார், நிகழ்வு நடந்ததா என்பன இன்றளவும் விவாதிக்கப்படுகின்றன. மிருசுவில் குறித்து அத்தகைய விவாதத்துக்கு இடமில்லை.

அதே வேளை, சாட்சியம் அளிப்பதற்கான துணிவு இத்தகைய நிகழ்வுகளால் குறையும் என்ற அச்சம் வெளியிடப்பட்டுள்ளது. தப்பிய ஒருவர் தாம் குற்றம் சாட்டுபவர்களின் படையே சூழ்ந்துள்ள பகுதியில் வாழ்ந்துகொண்டு, நீண்ட ஆண்டுகள் நீதிமன்றத்தை நம்பி நின்றதாலேயே இவ்வழக்கு நிறைவுற்றது. அதன் முடிவு ஒரு கையொப்பத்தால் நீக்கப்படுமாயின், அடுத்த சாட்சி எதனை நம்பி முன்வருவார் என்பது இவ்வழக்கு விட்டுச் சென்ற கேள்வியாகும்.